வினாவும் விடையும்: உழைப்பாளர் தோல்நோய் அறியும் வினாநிரல் குறித்து ஓர் ஆய்வு

திருவானைக்காவல் கோயிலின் ஐந்தாம் திருச்சுற்று மதிலைத் திருநீற்று மதில் என்பர். அம்மதில் எழுந்த காலத்தில் இறைவனே சித்தர் வடிவில் வந்து பணியை நடத்தினார் என்றும், வேலை முடிந்ததும் ஆள்களுக்குக் கூலியாகத் திருநீற்றை அள்ளிக் கொடுத்தார் என்றும், அஃது அவரவர் செய்த வேலைக்குத் தக்கவாறு பொன்னாக மாறிற்று என்றும் தலவரலாறு கூறும். வேலைக்குத் தக்க கூலி என்னும் நீதியை ஒரு மதிலின் பெயரிலேயே நிறுத்தி வைத்த ஊர் அது. எனினும், அம்மதிலுக்குச் சுண்ணாம்பு குழைத்த கைகள் என்னவாயின என்பதைப் பற்றி எக்கதையும் பேசவில்லை. நாம் இங்கு ஆராய விரும்புவது அக்கைகளைப் பற்றியே.

இவ்வெண்ணம் நம் மனத்தில் எழக் காரணமாக இருந்தது ஒரு தாள். நம் நண்பரான தோல் மருத்துவர் ஒருவர், கட்டடத் தொழிலாளரிடம் கொடுத்து நிரப்பி வாங்குவதற்கென்று ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த வினாநிரல் ஒன்றைத் தந்து, "தமிழைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்" என்றார். நாமும் தமிழாசிரியர்க்கே உரிய ஊக்கத்தோடு சிவப்பு மைப் பேனாவை எடுத்தோம். ஒற்று மிகும் இடங்களில் ஒற்றிட்டோம். 'கை' என்றிருந்ததைக் 'கரம்' ஆக்கினோம். 'எக்ஸிமா' என்றிருந்த இடத்தில், சித்த மருத்துவத்தார் வழங்கும் 'கரப்பான்' என்னும் சொல்லை இட்டோம். முதல் வினா இவ்வாறு அமைந்தது: "தங்கள் கரங்களில் கரப்பான் முதலிய தோல் அழற்சி நோய்கள் எப்போதேனும் தோன்றியதுண்டா?" இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாத தொடர்தான். அதில் வேறு எத்தனை பிழைகள் உள்ளன என்பதை அறிய நமக்கு ஒரு கொத்தனார் தேவைப்பட்டார். அதனைப் பின்னர்க் காண்போம்.

சிமெண்டும் தோலும்

நீர் சேர்ந்த சிமெண்டு கடுமையான காரத்தன்மை உடையது. அதன் கார அளவு 12க்கும் மேல் நிற்கும். தோலின் இயல்போ சற்றே அமிலத்தன்மை கொண்டது. ஆகவே கலவை கையிற் படுந்தோறும் தோலின் மேலடுக்கில் உள்ள எண்ணெய்ப் பசை நீங்குகிறது, மணல் உராய்கிறது, சிமெண்டு ஈரத்தை உறிஞ்சுகிறது. இவ்வாறு உலர்ந்து வெடிப்பது எவர்க்கும் நேரக்கூடியது. இதனை உறுத்தலால் வரும் அழற்சி என்பர். இரண்டாவது வகை வேறு. சிமெண்டில் மிகச் சிறிய அளவில் கலந்துள்ள ஆறு இணைதிறக் குரோமியம் சிலருடைய உடலில் ஒவ்வாமையைத் தோற்றுவிக்கிறது. ஒருமுறை அவ்வொவ்வாமை படிந்துவிட்டால், பின்னர் எள்ளளவு பட்டாலும் கை புண்ணாகிவிடும். பெரும்பாலோர்க்கு அது வாழ்நாள் முழுதும் தொடரும். சிமெண்டினால் கை புண்ணானவர்களுக்குக் குரோமிய ஒவ்வாமை இருப்பதை 1950ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் ஜேகர், பெலோனி என்னும் இருவர் வெளிப்படுத்தினர். இதற்கு மருந்தைவிட எளிய மாற்று ஒன்று உண்டு. சிமெண்டில் சிறிது இரும்பு சல்பேட்டைச் சேர்த்தால் அக்குரோமியம் தீங்கு குறைந்த வடிவத்திற்கு மாறிவிடுகிறது. டென்மார்க்கு நாட்டில் 1981 முதல் அவ்வாறு செய்தனர். அதன்பின் அங்குக் கட்டடத் தொழிலாளரிடையே குரோமிய ஒவ்வாமை குறைந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2005 சனவரி முதல், கரையக்கூடிய ஆறு இணைதிறக் குரோமியம் பத்து இலட்சத்தில் 2 பங்குக்கு மேற்பட்ட சிமெண்டைக் கையால் கையாளும் வேலைக்கு விற்றலாகாது என விதித்தனர்.

சிமெண்டு நமக்கு அயற்பொருள் அன்று. நம் மாவட்டத்திலேயே 1939இல் டால்மியா ஆலை எழுந்தது. கல்லக்குடி என்னும் ஊர்ப்பெயரை மீட்பதற்காக 1953இல் நடந்த போராட்டத்தைத் தமிழ் மாணவர் அறிவர். ஒரு பெயர்ச்சொல்லுக்காக மக்கள் இருப்புப் பாதையில் தலைவைத்துப் படுத்த மண் இது. சொல்லின் அருமையை இவ்வட்டாரத்தார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நம் சமுதாயத்தார்க்கு இன்னொரு வகையிலும் இப்பொருள் நெருங்கியது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்களின் தோல் ஷாப்புகள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டவை. தமிழக முஸ்லிம்களின் கல்விப் பணிகள் பலவற்றுக்குப் பொருள் தந்ததும் தோல் வணிகமே. ஆவாரம்பட்டையால் பதனிட்ட காலம் போய்க் குரோமிய உப்பால் பதனிடும் காலம் வந்தபோது, கொத்தனாரின் கையைப் பிடித்த அதே உலோகம் பதனிடுவோரின் கையையும் பிடித்தது. தமிழில் விலங்கின் தோலுக்கும் மனிதன் தோலுக்கும் ஒரே சொல்தான். ஒன்றைப் பக்குவப்படுத்தும் பொருள் மற்றொன்றைப் பழுதாக்குகிறது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் குரோமியப் புண்ணையும், வேதிப்பொருள்கள் நேரடியாகப் படுவதால் வரும் தோல் அழற்சியையும் அறிவிக்கத்தக்க நோய்களாக வைத்தது. அவற்றைக் காணும் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும். ஆனால், மருத்துவர் தெரிவிப்பதற்கு முன்னர் நோயாளி மருத்துவரிடம் வர வேண்டுமல்லவா? ஆலையில் அன்றி வீட்டு மனைகளில் கூலிக்கு நிற்கும் கொத்தனாரும் சித்தாளும் அச்சட்டத்தின் எல்லைக்குள்ளேயே வரவில்லை. ஆகவேதான், தொழிலாளர் இருக்கும் இடத்துக்கே சென்று அவரையே வினவும் முறை தேவையாயிற்று.

வினவும் மருத்துவம்

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டு தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். மருத்துவர் நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, அவர் செய்யும் தொழில் யாது என்பதையும் கேட்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர். ஏழையின் வீட்டில் முக்காலிதான் கிடைக்குமாயின், அதில் உட்கார்ந்தே பொறுமையாக வினவ வேண்டும் என்பதும் அவர் கருத்து. அம்முக்காலியின் இடத்தைப் பின்னாளில் அச்சிட்ட வினாநிரல் பிடித்துக்கொண்டது.

தோல்நோய் வினாநிரல்களுள் பெயர்பெற்றது, வட ஐரோப்பிய நாடுகளின் அறிஞர்கள் கூடி உருவாக்கி 2002இல் வெளியிட்ட நோர்டிக் தொழில்சார் தோல் வினாநிரல் ஆகும். கையில் அழற்சி எப்போதேனும் வந்ததுண்டா, கடைசியாக எப்போது வந்தது, வேலையிலிருந்து விலகியிருக்கும் நாள்களில் அது தணிகிறதா, ஒரு நாளில் எத்தனை முறை கை கழுவுகிறீர்கள் என்றெல்லாம் அது வினவும்.

இத்தகைய வினாநிரல்கள் எவ்வளவு நம்பத்தக்கவை? 1992இல் நெதர்லாந்தில் ஸ்மிட் என்பாரும் உடன் ஆய்வாளரும் செவிலியரிடையே இதனைச் சோதித்தனர். அவர்கள் இருவகையாக வினவினர். ஒரு வகையில், "உங்களுக்குக் கைத்தோல் அழற்சி உண்டா?" என்று நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டனர். மற்றொரு வகையில், வீக்கம், கொப்புளம், வெடிப்பு, செதில், அரிப்பு என்று அறிகுறிகளைச் சொல்லிக் கேட்டனர். பின்னர் மருத்துவர் கைகளைப் பார்த்தார். நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, உண்மையில் நோயுற்றவர்களுள் 65 விழுக்காட்டினர் மட்டுமே அகப்பட்டனர். நோயற்றவர்களுள் 93 விழுக்காட்டினர் சரியாக விலக்கப்பட்டனர். அறிகுறிகளைச் சொல்லிக் கேட்டபோதோ நோயுற்றவர் ஒருவர்கூடத் தப்பவில்லை. ஆயின் நோயற்றவர்களுள் 64 விழுக்காட்டினரே விலக்கப்பட்டனர்.

விழுக்காட்டைக் கண்டு மாணவர் மருள வேண்டா. ஓரிடத்தில் நூறு கொத்தனார் வேலை செய்வதாகவும், அவருள் இருபதின்மர்க்கு நோய் இருப்பதாகவும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பெயரைக் கேட்கும் படிவம் அவ்விருபதின்மரில் பதின்மூவரைப் பிடிக்கும், எழுவரை விட்டுவிடும், நோயில்லாத எண்பதின்மரில் ஐந்தாறு பேரைத் தவறாகச் சேர்க்கும். அறிகுறியைக் கேட்கும் படிவம் இருபதின்மரையும் பிடிக்கும். அவர்களோடு நோயில்லாத இருபத்தொன்பது பேரையும் இழுத்து வரும். எது சிறந்தது? நோய் எவ்வளவு பரவியுள்ளது என்று எண்ணிக் கணக்கெழுத வேண்டுமாயின் இரண்டாவது படிவம் மிகைப்படுத்தும். ஆனால் நோயாளியைக் கண்டுபிடிப்பதே நோக்கமாயின், இருபத்தொன்பது நல்ல கைகளைப் பார்ப்பதால் மருத்துவர்க்கு ஒரு முற்பகல் போகும். விடுபட்ட எழுவர்க்கோ பிழைப்பே போகும். நம் சார்பு எப்பக்கம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 2001இல் சுவீடனில் மேடிங், பாரகார்டு ஆகியோர் செய்த ஆய்விலும், நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டபோது நோயுற்றோருள் பாதிக்குச் சற்று மேற்பட்டவரே அகப்பட்டனர். கல்வி நிறைந்த நாட்டிலேயே நிலை இது.

வினாநிரல் நோயை உறுதிசெய்வதில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஒவ்வாமையை உறுதிசெய்ய, முதுகில் மருந்துப் பொட்டுகளை ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்க்கும் சோதனை உண்டு. அந்நாள்களில் முதுகை நனைக்கலாகாது. வியர்வை பெருகினால் ஒட்டு கழன்றுவிடும். திருச்சிராப்பள்ளியின் சித்திரை வெயிலில், கலவை சுமப்பவர்க்கு இரண்டு நாள் வியர்க்காமல் இரு என்பது, இரண்டு நாள் கூலியை விடு என்பதே ஆகும். அவ்விழப்பை எல்லார் மீதும் ஏற்ற இயலாது. யாரை அச்சோதனைக்கு அனுப்புவது என்று தெரிந்தெடுக்கும் சல்லடையே வினாநிரல்.

நன்னூலார் காட்டும் வழி

இனிக் கொத்தனாரிடம் வருவோம். நம் வீட்டுச் சுற்றுச்சுவரைப் பூச வந்த அவர் திருவானைக்காவலைச் சேர்ந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கரண்டி பிடித்தவர். தேநீர் இடைவேளையில் திருத்திய படிவத்தை எடுத்து முதல் வினாவைப் படித்தோம். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க பாய்" என்றார். அருகிலிருந்த சித்தாள் அம்மா மட்டும், "கரப்பான் வீட்டுல நிறைய இருக்கு, மருந்து அடிச்சாலும் போகல" என்றார். படிவத்தில் 'இல்லை' என்னும் கட்டத்தில் குறியிட்டோம். நம் சிவப்பு மை அங்கேயே தோற்றது.

பின்னர் அவர் தேநீர்க் குவளையைத் துண்டால் சுற்றிப் பிடித்திருந்ததைக் கண்டு, "கை வெடிக்குமா அண்ணே?" என்று இயல்பாகக் கேட்டோம். "வெடிக்காத கை ஏதுங்க பாய்? சிமெண்டு வேலைன்னா அப்படித்தான். அடைமழையில வேலை நின்னா தானா ஆறிடும். தொட்டா மறுபடி வந்துடும். ராத்திரி அரிப்புல தூக்கம் போயிடும்" என்றார். மருத்துவ நண்பர் நான்கு பக்கங்களில் அறிய விரும்பிய அனைத்தும் இவ்வைந்து தொடர்களில் அடங்கியிருந்தன: அறிகுறி, தொழில் தொடர்பு, விலகினால் தணிதல், மீண்டும் தோன்றுதல், இரவின் துன்பம்.

இதனை இலக்கண மாணவர் கூர்ந்து நோக்க வேண்டும். பவணந்தியார் விடையை எட்டாக வகுத்தார். அவற்றுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் வேறொன்றைக் கூறுவனபோல நின்று விடைப்பொருளைத் தருவன. அச்சிட்ட வினாநிரலில் 'ஆம்', 'இல்லை' என்னும் இரண்டு கட்டங்களே உள்ளன. நேரும் மறையுமே அங்கு இடம்பெறும். நம் கொத்தனாரோ "வெடிக்காத கை ஏது?" என்று வினாவெதிர் வினாவினார், "தூக்கம் போயிடும்" என்று உறுவது கூறினார். எண்வகை விடையுள் இருவகைக்கு மட்டும் இடம்விட்டு அச்சிட்ட தாள், மக்களின் பேச்சில் பெரும்பகுதியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. எழுத்தறிந்தவர் தாமே நிரப்பும் படிவத்தில் இக்குறையை நீக்குவது கடினம். உடனிருந்து கேட்டு எழுதினால் ஓரளவு நீக்கலாம். அதற்கு இலக்கணம் பயின்ற மாணவர் மிகவும் தகுதியுடையர் என்பது நம் கருத்து. தமிழறிஞர் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரால் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கும் ஊரில், தமிழ்த்துறையும் மருத்துவத் துறையும் ஒன்றையொன்று நாடுவது புதுமை அன்று.

சொல்லால் வரும் இடர்

தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக்கினார். வினாநிரலில் திரிசொல்லுக்கு இடமில்லை. நாம் இட்ட 'கரம்' நீங்கிக் 'கை' மீண்டது. அரிப்பு என்பதைச் சிலர் தினவு என்பர், சிலர் நமைச்சல் என்பர், சிலர் ஊறல் என்பர். எந்தத் தெருவில் கேட்கிறோமோ அத்தெருவின் சொல்லே அங்கு இயற்சொல். படை என்றால் வட்டமாகப் பரவும் வேறொரு நோயை எண்ணுவர். சிரங்கு என்றால் குழந்தை நோய் என்பர். ஆகவே நோய்ப்பெயர்களை அறவே விலக்கி, கண்ணால் கண்டதையும் உடலால் உணர்ந்ததையும் மட்டும் வினவுதல் நன்று.

மேலைநாட்டு வினாநிரல்கள் "கை சிவந்ததா?" என்று முதலில் கேட்கும். வெண்ணிறத் தோலில் அழற்சி சிவப்பாகத் தோன்றும். நம்மவர் மாநிறக் கைகளில் அது பெரும்பாலும் கறுத்துத் தடித்தே தெரியும். சிவப்பை மட்டும் கேட்டால், உள்ளதை உள்ளபடி கூறும் நேர்மையான மனிதர் "இல்லை" என்பார். "விடுமுறையில் தணிகிறதா?" என்பதும் அவ்வாறே. ஞாயிறு ஒரு நாளில் ஆறாத வெடிப்பு அது. நெடிய விடுமுறையோ கூலியாளுக்கு இல்லை. "ஐப்பசி மழையில் வேலை நின்றபோது கை எப்படி இருந்தது?" என்று கேட்டால் உடனே நினைவு வரும்.

சித்தாள் அம்மாவிடம் "வேறு வேலை ஏதும் செய்கிறீர்களா?" என்றால் இல்லை என்பார். மாலையில் வீடு திரும்பி அவர் தேய்க்கும் பாத்திரமும் துவைக்கும் துணியும் அவர் கணக்கில் வேலை அல்ல. கட்டடத்தில் காரம் அரித்த கையைச் சவர்க்காரம் மேலும் அரிப்பதை அவ்வினா தவறவிடும். பாத்திரம் துலக்குவதையும் துணி துவைப்பதையும் பெயர் சொல்லியே கேட்க வேண்டும்.

கை கழுவும் கணக்கும் அத்தகையதே. முஸ்லிம் தொழிலாளி ஐவேளைத் தொழுகைக்கும் ஒளுச் செய்து முழங்கை வரை கழுவுகிறார். அதனை அவர் 'கை கழுவுதல்' என்று எண்ணிச் சொல்லமாட்டார். வெறும் தண்ணீர் வேறு, மண்ணெண்ணெயும் சலவைத்தூளும் இட்டுக் கலவைக் கறையைத் தேய்ப்பது வேறு என்பதால், இரண்டையும் தனித்தனியே வினவ வேண்டும். வெடித்த கையில் தண்ணீர் பட்டாலே தீங்கு விளையும் நிலையில் இருப்பவர், நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள தயம்மும் சலுகையைப் பற்றி ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். புண்ணை மறைத்துக்கொண்டு வருந்துவதற்குத் தேவையில்லை.

மறைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கையில் தடிப்பும் நிறமாற்றமும் என்றவுடன் நம் மக்கள் பெருநோயையே அஞ்சுவர். பெண் கொடுக்கல் வாங்கல் வரை அவ்வச்சம் நீளும். ஆதலின் "இது ஒட்டிக்கொள்ளும் நோயன்று, சிமெண்டால் வருவது" என்னும் ஒரு தொடரை வினாக்களுக்கு முன்னரே படித்துக் காட்ட வேண்டும். மேஸ்திரி அருகில் நிற்கக் கேட்பதும் வீண். கை கெட்டவன் என்று தெரிந்தால் நாளைக்கு அழைக்கமாட்டார்களோ என்னும் ஐயம் அவர் விடையை மறையாக்கிவிடும். தோல் ஷாப்புகளையும் கட்டட ஒப்பந்தங்களையும் நடத்தும் நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்: படிவத்தில் 'ஆம்' என்று சொன்னவரை வேலையினின்று நீக்குவதில்லை என முன்கூட்டியே வாக்களியுங்கள். ஈரக் கலவை படாத வேலைக்கோ உலர்ந்த பகுதிக்கோ அவரை மாற்றலாம். நீர் புகாத கையுறை தரலாம். அவ்வாக்கு இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல தமிழில் வினவினாலும் உண்மை வெளிவராது.

இறுதியாக ஒரு குறை. வேலைத்தலத்தில் வினவும் நிரல், வேலையில் இருப்பவரை மட்டுமே எட்டும். கை மிகக் கெட்டவர் முன்னரே வேலையை விட்டிருப்பார். எஞ்சியோரைக் கணக்கிட்டு, நோய் குறைவு என்று எழுதிவிடுவோம். இதற்காக, மருத்துவ நண்பரின் இசைவோடு ஒரு வினாவைச் சேர்த்தோம்: "உங்களோடு வேலை பார்த்தவர்களில் கை கெட்டு வேலையை விட்டவர் உண்டா? இப்போது என்ன செய்கிறார்?"

சுவர் வேலை முடிந்த நாளில் அதனைக் கொத்தனாரிடம் கேட்டோம். அவர் மணியாஸ் கட்டையைக் கழுவி வைத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்தார். முதலில் தம் அண்ணனைச் சொன்னார். இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் காவலாளியாக இருக்கிறாராம். பிறகு தமக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர். பிறகு ஒரு சித்தாள். விடைக்காக நாம் விட்டிருந்தது ஒரே ஒரு கோடு. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டோம்.